ஐம்பத்தைந்து டிகிரியில் ஒரு மங்கல்

டிகிரி அக்கா டீ குடிப்பதற்கு முன்னால் கண்ணாடி டம்ளரை ஒருமுறை சன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பாள். பதினாறு வருடமாக நான் பார்த்துவருகிறேன். பால் ஊற்றிய டீக்குள் வெளிச்சம் நுழைய வழியே கிடையாது. இருந்தாலும் தூக்குவாள், லேசாகச் சாய்ப்பாள், பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோவாள். வீட்டில் டீ போடுவது அவளுடைய வீட்டுக்காரர். தையல்காரர். மெஷினை மிதித்தபடியே கேட்பார்.

"உள்ள ஈ கெடக்கான்னு பாக்குறியா, இல்ல போட்டவன் மேல நம்பிக்கை இல்லையா?"

"ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா குடிப்பாள்.

அவளுக்கு எல்லாமே டிகிரிதான். காலையில் உள்ளே வரும்போதே "இன்னைக்கு முப்பத்தி நாலு" என்பாள். வீட்டுக்காரர் கோபப்பட்டால் "நேத்து தொண்ணூறைத் தொட்டுட்டாரு, தண்ணி தெளிச்சு இறக்கினேன்" என்பாள். அதனால் வந்த பெயர். எங்கள் தொழிற்சாலையில் மூட்டை எடை போடுகிறவருக்குத் தராசு என்று பெயர். யாரையாவது சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"காலேஜ் வாசல மிதிக்கல, டிகிரின்னு பேரு. கொடுத்து வெச்சவங்க அக்கா நீங்க."

"உன் தராசு மட்டும் எந்தக் காலேஜுல படிச்சுது? அது சொல்றத நாங்க நம்பலையா?"

இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே ஊற்றுகிற பசையை நாங்கள் தயாரிக்கிறோம். அந்தக் கண்ணாடி உடைந்தால் சில்லு சிதறாது, பசை பிடித்துக்கொள்ளும். இரண்டு வகைப் பிளாஸ்டிக் குருணை மூட்டையாக வரும். இரண்டையும் ஒரு திரவத்தில் போட்டுக் கொப்பரையில் சூடாக்கிக் கலக்குவார்கள். சூடாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றாக, தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். ஆறினால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் பிரியும். பிரியும்போது பசை மங்கும். ஊற்றி இறுகும்வரை சூடு ஐம்பதுக்குக் கீழே இறங்காது என்பதால், ஐம்பது டிகிரி வரை தெளிவாக இருந்தால் போதும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் அக்காவின் வேலை. ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் நான்கு கண்ணாடி டியூபில் பசை எடுப்பாள். வாயை அடைத்து, எண்பது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, ஒவ்வொரு டிகிரியாக இறக்குவாள். எந்த டிகிரியில் முதல் மங்கல் தெரிகிறதோ அதை எழுதுவாள்.

பத்தொன்பது வயதில் லேபிள் ஒட்டுகிற பிரிவில் சேர்ந்தவள் அவள். சோதனை அறைக்கு லேபிள் கொடுக்கப் போகும்போது, அங்கே உட்கார்ந்திருந்தவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பாளாம். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் "இப்பவே மங்கிடுச்சே" என்றிருக்கிறாள். அவருக்குத் தெரியவில்லை. இரண்டு டிகிரி இறங்கிய பிறகுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் மூன்று தடவை சோதித்தார். மூன்று தடவையும் அவள் முந்தினாள். அடுத்த மாதம் அவளுக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டார்கள். முப்பது வருடம் அந்த நாற்காலிதான்.

நான் அந்த அறையின் டியூப்களைக் கழுவுகிறவள். ஏழாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கண் மட்டும் ஓயாது. யார் முகம் எப்போது சுருங்கியது, யார் எதைப் பாதியில் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஒருமுறை நான் கழுவிய டியூப்களில் சோப்பு மிச்சம் இருந்து ஒரு நாள் சோதனை முழுக்க வீணாகிவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் ஒரு டியூபைத் தூக்கிக் காட்டி, "இன்னொரு தடவை இப்படி ஒண்ணு பாத்தேன், வாசல் அந்தப் பக்கம்" என்றார். அவர் நெட்டையான மனிதர். டியூப் என் தலைக்கு வெகு உயரத்தில் இருந்தது. அதற்குள் இருந்த வெள்ளைப் படலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு டியூபையும் ஏழு தண்ணீரில் அலசுவேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் வேறு இடத்திலிருந்து குருணை வாங்க ஆரம்பித்தார்கள். கூடவே ஒரு சான்றிதழ் வந்தது. மூலக்கூறின் சராசரி நீளம் பழைய சரக்குக்கு எவ்வளவோ அவ்வளவேதான் என்று அதில் இருந்தது. ஆனால் அக்கா முதல் கொப்பரையிலேயே முகத்தைச் சுளித்தாள். பழைய சரக்கு நாற்பத்தாறு வரை பளிங்கு போல இருக்கும். நாற்பத்தாறில் ஒரே நொடியில் பாலாக மாறும். புதுச் சரக்கு ஐம்பத்தேழிலேயே மெல்லப் புகைந்தது. பாலாகவில்லை. ஊதுபத்தி அணைந்த பிறகு அறையில் மிஞ்சுகிற புகை அளவுதான். அதற்குமேல் சூடு இறங்க இறங்க அது அவசரமில்லாமல் தடித்தது.

அந்த வாரம் வேலையின்போது மாட்டுகிற என் கோட்டைச் சிறிதாக்கித் தரச் சொல்லி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். என்ன புகை என்று கேட்டேன். கேட்டதே எனக்குப் பெரிய காரியம். அக்கா தையல் மெஷினுக்குக் கீழே கிடந்த நூல் துண்டுகளை அள்ளினாள்.

"இந்தப் பசைக்குள்ள இருக்கறது எல்லாம் நூல்தான்னு வெச்சுக்கோ. கண்ணுக்குத் தெரியாத நூல். சிவப்பு ஒரு ஜாதி, வெள்ளை ஒரு ஜாதி. ரெண்டுக்கும் ஆகாது. சூடா இருக்கும்போது ஆட்டம் பாட்டத்துல கலந்து கெடக்கும்."

"ஆறினா?"

"ஆறினா ஒதுங்கும். ஆனா எது மொதல்ல ஒதுங்கும்? குட்டை நூலுக்கு உடம்பு கொஞ்சம். பக்கத்துல பிடிக்காதவன் இருந்தாலும் சகிச்சுக்கிட்டு எங்கயாவது நுழைஞ்சு இருந்துக்கும். நெட்டை நூலு அப்படியில்ல. தலையிலேருந்து கால் வரைக்கும் பிடிக்காதவன் உரசிக்கிட்டே இருப்பான். அது தாங்காது. அதான் மொதல்ல வெளிநடப்பு."

"அப்ப பழைய சரக்கு?"

"அதுல எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சுப் போவாங்க, ஒரே டிகிரியில. புதுசுல குட்டையும் நெட்டையும் கலந்து கெடக்கு. மொதல்ல பிரிஞ்சு அடியில உக்கார்றது நெட்டைக் கூட்டம். மேல நிக்கறவங்க பாதிப் பேருக்கு அது போனதே தெரியாது."

"நூலக் கீழ போடு, இது கஸ்டமர் நூலு" என்றார் வீட்டுக்காரர்.

மேனேஜர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சராசரி சரியாக இருக்கும்போது மங்கல் மட்டும் எப்படி மாறும் என்று கேட்டார். அவர் வந்து டியூபைப் பார்த்தபோது அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். நான்கு டியூபை ஐம்பத்தைந்து டிகிரியிலேயே ஒரு மணி நேரம் அசைக்காமல் நிறுத்திவைத்தால், பிரிந்த புகையெல்லாம் அடியில் இறங்கி ஒரு படலமாக உட்காரும். அதை யாரும் பார்க்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்படி நிறுத்தினாள். தொட்டியின் மேல் "சார் பார்க்க" என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, மேனேஜரைக் கூப்பிடப் போனாள்.

அந்த நேரத்தில்தான் நான் அழுக்கு டியூப் எடுக்க உள்ளே போனேன்.

நான்கு டியூபின் அடியிலும் வெள்ளைப் படலம். மேலே, சார் பார்க்க என்ற சீட்டு.  சோப்பு என்றுதான் நினைத்தேன். ஏழு தண்ணீரில் அலசியும் சோப்பு நின்றுவிட்டது. அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேனேஜரைக் கூட்டிவரப் போயிருக்கிறாள். அப்படித்தான் என் புத்தி போயிற்று. நூல் கதையை எனக்கு உட்காரவைத்துச் சொன்னவள் அவள். அத்தனை வருடத்தில் என்னை ஒரு நாளும் யாரிடமும் காட்டிக்கொடுக்காதவள். அந்த நொடியில் அதெல்லாம் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

என் அறையில் டியூப் அலசுகிற வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான்கையும் எடுத்துப்போய் அதில் முக்கிக் குலுக்கினேன். வாய் அடைத்திருந்ததால் உள்ளே தண்ணீர் போகவில்லை. எண்ணி இரண்டு நிமிடம். படலம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. வெளிப்புறத்தைத் துடைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி தொட்டியில் அதே வரிசையில் நிறுத்தினேன். பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தது மாதிரி இருந்தது.

அவர்கள் வந்தபோது நான் மூலையில் கூடையோடு நின்றேன். தராசும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"எங்கம்மா படலம்?" என்றார் மேனேஜர்.

அக்கா குனிந்தாள். ஒரு டியூபை எடுத்து சன்னலில் பிடித்தாள். அடுத்ததை எடுத்தாள். மூன்றாவதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இங்கதான் சார் இருந்துது. இப்பத்தான். விரல் நகம் அளவுக்கு."

"இப்ப இல்லையே."

"கொஞ்ச நேரம் பொறுங்க சார். மறுபடி வரும்."

"வரும், போகும். இது என்ன பஸ்ஸா? எனக்குக் கூட்டம் இருக்கு."

தராசு சிரித்துவிட்டார். "அக்கா, கண்ணுல பூ விழுந்தா எல்லாமே புகையாத்தான் தெரியுமாம். எங்க மாமனாருக்கு அப்படித்தான்."

அப்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நான் கழுவி எடுத்தது சோப்பு இல்லை என்று எனக்கு அந்த முகத்தில் புரிந்தது. அவள் காட்டவந்ததையே நான் அழித்துவிட்டேன். வாயைத் திறந்தால் போதும். இரண்டே வார்த்தை. மேனேஜர் கதவுக்குக் குனிந்து வெளியே போகும்வரை நேரம் இருந்தது. நான் கூடையில் கிடந்த டியூப்களை எண்ணுவது மாதிரி நின்றேன்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன்ன யாராவது கேட்டாங்களா? கேட்டாத்தானே சொல்லணும்" என்றார். அது நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். பதினொரு மாதம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அக்கா மறுபடி நிறுத்திப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவள் செய்யவில்லை. முப்பது வருடம் நம்பிய கண், இருந்ததை இல்லை என்று சொல்லிவிட்டது. அவள் பயந்துபோனாள். கண் மருத்துவரிடம் போனாள். பெரிதாக ஒன்றுமில்லை, வயசுக்கு ஏற்ற கண்ணாடி போடுங்கள் என்றார்கள். போட்டாள். அதற்குப் பிறகு டியூபைப் பார்க்கும்போது கண்ணாடியோடு ஒருமுறை, கழற்றி ஒருமுறை, பிறகு யாரையாவது கூப்பிட்டு "நீ பாரு" என்று ஒருமுறை. ஐம்பத்தேழு என்று எழுதி அடித்து நாற்பத்தாறு என்று எழுதுவாள். அதையும் அடிப்பாள். அடித்தல் திருத்தல் நிறைந்த அந்தப் பக்கங்களை மேனேஜர் பார்த்தார். இரண்டாவது மாதம் அக்காவை லேபிள் பிரிவுக்கு மாற்றினார். பத்தொன்பது வயதில் உட்கார்ந்த அதே மேசை. சோதனை அறைக்குத் தராசை உட்காரவைத்தார்கள். அவர் டியூபைப் பார்ப்பதற்கு முன்னாலேயே "தெளிவு" என்று எழுதிவிடுவார்.

சில மாதத்தில் கண்ணாடிப் பலகைகள் திரும்பிவர ஆரம்பித்தன. நடுவில் பனி பிடித்தது மாதிரி மங்கல். சரியாகச் சூடு வைக்கவில்லை என்று ஊற்றுகிற பிரிவில் மூன்று பேருக்குத் திட்டு விழுந்தது. அந்த மூன்று பேரையும் நான் தினமும் வாசலில் பார்ப்பேன். குனிந்துகொண்டு போவேன்.

ஒருநாள் லேபிள் கட்டு கொடுக்க அக்காவின் மேசைக்குப் போனேன். அக்கா ஒரு டப்பாவில் லேபிள் ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. இது நேரா இருக்கா பாரு."

"நேராத்தான்க்கா இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு. என் கண்ண நான் நம்பறதில்ல."

லேபிள் நூல் பிடித்தது மாதிரி நேராக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்த மேசை ஓரத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைப் பார்த்ததும் என்ன நினைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதுதான் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

அக்கா லேபிள் டப்பாவைத் தள்ளிவைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தண்ணி எத்தனை டிகிரி?" என்றாள்.

"கொதிச்சுதுக்கா."

"எத்தனை நிமிஷம்?"

"ரெண்டு."

"படலம் ஒரேயடியாப் போச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"கொஞ்சம் கொஞ்சமா. நூல் நூலா இழுத்துக்கிட்டுப் போச்சு."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அப்ப இருந்துது" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இத அப்படியே சார்கிட்ட சொல்லு" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாள் மேனேஜர் அறை வாசல்வரை போய், உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பிவந்தேன். உள்ளே யாரும் இல்லை. மூன்றாம் நாள் அக்கா என்னைக் கடந்து போனாள். போனாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். நான்காம் நாள் காலை, கோட்டைக்கூட மாட்டாமல் நேராக உள்ளே போய் நின்றேன்.

மேனேஜர் முழுதும் கேட்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலைம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றே சோதனை வைத்தார். எடுத்துவைத்திருந்த புதுச் சரக்கு மாதிரியைச் சூடாக்கி அடிவரை கலக்கி நான்கு டியூப். ஐம்பத்தைந்து டிகிரி. அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து சுவரோரம் நின்றுகொண்டாள்.

"நான் கடைசியாப் பாக்கறேன். மொதல்ல நீங்க எல்லாரும் பாருங்க."

ஒரு மணி நேரம் யாரும் டியூபைத் தொடவில்லை. அதன் பிறகு தராசு குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"சார்... அடியில உக்காந்திருக்கு."

கொதிநீரில் முக்கினார்கள். மறைந்தது. ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்து காத்திருந்தார்கள். மறுபடி வந்தது. மேனேஜர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "சராசரி சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"சராசரி சரிதான் சார்" என்றாள் அக்கா, குட்டையான என்னைக் கைகாட்டி. "உங்களையும் இவளையும் நிக்கவெச்சு உயரத்துக்குச் சராசரி எடுத்தாலும் சரியாத்தான் வரும். ஆனா கதவுல தலை இடிக்கறது உங்களுக்கு மட்டும்தானே."

தராசு சிரிக்க வாயெடுத்து, மேனேஜர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். மேனேஜர்தான் முதலில் சிரித்தார்.

திங்கட்கிழமை அக்கா பழைய நாற்காலிக்கு வந்தாள். ஊற்றுகிற பிரிவில் திட்டு வாங்கிய மூன்று பேரையும் மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கூப்பிட்டுக் கண்டிக்கக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவின் டியூப்களை எடுக்கக் கூடையோடு போனேன். நான்கையும் கழுவித் தாங்கியில் கவிழ்த்து வைத்திருந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் கழுவறேன்க்கா" என்றேன்.

"வேணாம்மா. நானே பாத்துக்கறேன்" என்றாள். கோபமே இல்லாத குரல். உடனே, என் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா, நேற்று எத்தனை டிகிரி இருந்தது என்று கேட்டாள்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அக்கா சோதனை அறையில் இருக்கிறாள். ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. புதுக் குருணை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். வெளியே பார்த்தால் எப்போதும் போல என்னோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்காருகிறாள். தொழிற்சாலையின் மற்ற எல்லா டியூப்களையும் நான் கழுவுகிறேன். அவளுடைய நான்கை அவளே கழுவிக்கொள்கிறாள்.